கைவிடப்பட்ட கப்பல்துறை: தூர்ப்பதா, தக்கவைப்பதா, மறுபடி இயக்குவதா?

ஆற்றங்கரையில் கப்பல் வராமல் போன ஒரு துறைக்குப் புதுப் பயன்பாடு யோசிக்கச் சொன்னால், முதல் வரைபடத்திலேயே காபி கடை, மர நிழல், பால்கனி வைத்த அடுக்குமாடி எல்லாம் வந்துவிடும். தண்ணீர் மட்டும் ஒரு நீலப் பட்டையாகக் கிடக்கும். எனக்கு இது உறுத்துகிறது. துறை என்பது முதலில் ஒரு நீர்க் கட்டுமானம். சுற்றிலும் கனத்த கரைச்சுவர், ஆற்றோடு சேரும் இடத்தில் மதகு, அடியில் வண்டல். இந்த மூன்றையும் இனிமேல் யார், எந்த வருமானத்தில் பராமரிப்பார்கள் என்று ஒவ்வொரு பயன்பாட்டிடமும் கேட்க வேண்டும். அடுத்து, இன்று எடுக்கும் முடிவை அடுத்த தலைமுறை மாற்ற முடியுமா என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்தே நான் ஒப்பிடுகிறேன்.

பராமரிப்பை ஏன் முன்னால் வைக்கிறேன் என்பதற்கு லிவர்பூலின் ஆல்பர்ட் டாக் ஒன்றே போதும். 1846இல் திறந்தது, ஜெஸ்ஸி ஹார்ட்லி செங்கல், கல், வார்ப்பிரும்பு கொண்டு கட்டிய கிடங்குகள் சூழ்ந்தது. 1972இல் அது மூடப்பட்டதும், அந்தத் தெற்குத் துறைகளுக்குள் மெர்சி ஆற்றின் ஓதம் (கடலோடு ஏறி இறங்கும் நீர்) தடையில்லாமல் வந்து போனது. ஒவ்வொரு முறையும் வண்டலைக் கொண்டுவந்து இறக்கியது. கட்டடங்கள் அசையாமல் நிற்க, துறை சேற்றால் நிரம்பிவிட்டது. 1980களில் அதை மீட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியிருந்த வேலை, தூர்வாருவதும் மதகுகளைச் சீராக்குவதும்தான்.

சரி, பேசாமல் மண் கொட்டித் தூர்த்துவிட்டால்? இந்த வழியை ஆதரிப்பவர்களின் வாதம் லேசானதல்ல. சுவர் சாயும் கவலை இல்லை, குழந்தை விழுந்துவிடும் பயம் இல்லை, விற்கவோ கட்டவோ நிலம் கிடைக்கிறது. மாசுபட்ட வண்டலைக் கிளறாமல் மூடிவிடலாம் என்பதும் உண்மையான சாதகம்தான். லண்டனின் சரே துறைகள் 1970இல் மூடப்பட்ட பிறகு, பெரும்பாலானவை இப்படித்தான் தூர்க்கப்பட்டன. அவற்றில் ஒன்றின் மேல் இன்று ரஷ்யா டாக் வுட்லேண்ட் என்ற தோப்பு இருக்கிறது. பழைய கரைக்கற்களின் விளிம்பை மரங்களுக்கு நடுவே பார்க்கலாம். தூர்ப்பதால் கிடைக்கக்கூடிய நல்ல முடிவு இது.

மோசமான முடிவும் உண்டு. நியூயார்க்கின் ரெட் ஹுக் பகுதியில், கப்பலை உள்ளே விட்டு, நீரை வெளியேற்றிப் பழுதுபார்த்த 200 மீட்டருக்கும் நீளமான ஓர் உலர்துறையை மூடி, 2008இல் திறந்த ஒரு பெரிய கடைக்குக் கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். உலர்துறை புதிதாகக் கட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தவர்களுக்கு இது வயிற்றெரிச்சல்தான். லிவர்பூலின் பிராம்லி-மூர் டாக் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கடலடியிலிருந்து எடுத்த மணலைக் கொட்டி அங்கே கால்பந்து மைதானம் எழுப்பினார்கள். பழைய சுவர்களை மணலுக்குள் பத்திரமாக விட்டு, ஓரத்தில் ஒரு நீர்வாய்க்காலையும் மிச்சம் வைத்தார்கள். கவனமான வேலை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 2021இல் யுனெஸ்கோ லிவர்பூலை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியதற்கு, அந்தக் கரை நெடுக நடந்த பெரிய கட்டுமானங்களோடு இந்த மைதானமும் ஒரு காரணம். சுவர் உள்ளே இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் மைதானத்தைப் பெயர்த்து மணலை அள்ளப்போவது யார்?

உல்லாசப் படகுத்துறையும் குடியிருப்பும் சேர்ந்த வழியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. லண்டனின் செயின்ட் கேத்தரின் துறை நல்ல மாதிரி. தாமஸ் டெல்ஃபோர்டு வடிவமைத்து 1828இல் திறந்தது, 1968இல் மூடப்பட்டு, பிறகு உல்லாசப் படகுகளுக்கு மாறியது. படகு நிறுத்தக் கட்டணமும் வாடகையும் வருவதால் மதகுக்கு ஓர் ஆள் இருக்கிறார், சுவருக்குச் செலவழிக்கப் பணம் இருக்கிறது. என் முதல் கேள்வியில் இது தேறிவிடும். குறை வேறு இடத்தில்: நீரும் கரையும் மெல்ல மெல்லக் குடியிருப்போரின் முற்றம் ஆகிவிடுகின்றன. இந்த வழிக்குப் போகிறவர்கள் ஹாம்பர்க்கின் ஹாஃபன்சிட்டியைப் பார்த்துவிட்டுப் போகட்டும். அங்கே கட்டடங்களைக் கடல்மட்டத்திலிருந்து 8 மீட்டருக்கும் மேலே உயர்த்தி, கரையோர நடைபாதையைத் தாழ்வாகவே விட்டிருக்கிறார்கள். புயல்வெள்ளம் வந்தால் நடைபாதை முழுகும், வீடு முழுகாது. மற்ற நாட்களில் அந்தக் கரை எல்லோருக்கும் திறந்திருக்கும்.

கட்டடக்கலைஞர்களுக்கு மிகவும் பிடித்தது அருங்காட்சியகம். டென்மார்க்கின் ஹெல்சிங்கூரில் 2013இல் திறந்த கடல்சார் அருங்காட்சியகத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. சுமார் 150 மீட்டர் நீள உலர்துறைக்கு உள்ளே கட்டடம் கட்டும்படிதான் போட்டியில் கேட்டிருந்தார்கள். கட்டடக்கலைஞர் பிஜார்கே இங்கல்ஸின் பிக் நிறுவனம் அந்த நிபந்தனையைப் புரட்டிப் போட்டது: காட்சிக்கூடங்களைச் சுவருக்கு வெளியே மண்ணுக்கடியில் வைத்து, துறையை வெறுமையாக விட்டு, குறுக்கே பாலங்களை ஓட்டியது. கப்பலின் அளவு அங்கே கப்பல் இல்லாமலே புரிகிறது. பக்கத்தில் க்ரோன்போர்க் கோட்டை இருப்பதால் தரைக்கு மேல் எதுவும் எழும்பக்கூடாது என்ற கட்டுப்பாடும் இந்தத் தீர்வில் கரைந்துபோனது.

ஆனால் இதைப் பார்த்து எல்லாத் துறையிலும் நீரை இறைத்துவிடக்கூடாது. ஹெல்சிங்கூரில் இருந்தது உலர்துறை, காலியாக நிற்பதற்கென்றே கட்டியது. கப்பல் மிதந்து சரக்கு இறக்கிய நீர்த்துறையின் சுவர் வேறு வகை. உள்ளே நிற்கும் நீர், பின்னால் இருக்கும் ஈரமண்ணின் அழுத்தத்துக்கு எதிராகத் தாங்கிக்கொண்டிருக்கும். நீரை வேகமாக இறைத்தால் சுவர் உள்நோக்கிச் சாயலாம். அடியில் மரத்தூண் அடித்தளம் இருந்து நிலத்தடி நீரும் இறங்கிவிட்டால், இத்தனை காலம் நனைந்தே கிடந்த மரம் காற்றுப்பட்டு அழுகத் தொடங்கும். உலர்துறையிலும் அடியிலிருந்து நீர் தளத்தை மேலே தூக்கப் பார்க்கும். அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். இதெல்லாம் போக, அருங்காட்சியகம் தானாகச் சம்பாதிப்பது அரிது. மானியம் நின்றால் மதகும் நின்றுவிடும்.

நீச்சலுக்குத் திறந்துவிடுவது என் மனதுக்கு நெருக்கமான வழி. கோபன்ஹேகனின் இஸ்லாண்ட்ஸ் பிரூக்கெ கரையில் 2000களின் தொடக்கத்தில் வந்த மிதக்கும் குளங்களுக்குப் பின்னால், கழிவுநீர் துறைமுகத்தில் வழியாமல் தேக்கிவைக்கும் பெரிய தொட்டிகள் இருக்கின்றன. பெருமழையில் அவை நிரம்பி வழிந்தால் குளத்தை மூடிவிடுகிறார்கள். அதாவது குளத்தின் வடிவமைப்பு நகரத்தின் சாக்கடையில் தொடங்குகிறது. மூடிய துறையில் இன்னொரு சிக்கலும் உண்டு: நீர் ஓடாமல் நின்றால் பாசி படரும், ஆக்சிஜன் குறையும். மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு கீஸில் துறைகளை அழுக்கான கப்பல் கால்வாயிலிருந்து அணைபோட்டுப் பிரித்து, இயந்திரம் வைத்து நீரைக் கலக்கிக் காற்றேற்றிய பிறகே மீன் வாழ்ந்தது.

கடைசியாக, துறையைத் துறையாகவே ஓட்டுவது. பெரிய கப்பல் வராது, சரி. படகு கட்டுவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்களே! பிரிஸ்டலில் 1809இல் வில்லியம் ஜெஸ்ஸப் மதகுபோட்டு உருவாக்கிய நீர்த்தேக்கத் துறைமுகத்தின் ஓரத்தில் அண்டர்ஃபால் யார்டு இன்றும் இயங்குகிறது. படகுத் தச்சர்களின் பட்டறைகள், படகை இழுத்தேற்றும் சரிவு, பார்வையாளர் மையம் எல்லாம் ஒரே வளாகத்தில். துறைமுகத்தின் நீர்மட்டத்தைச் சீராக வைத்து வண்டலை வெளியேற்றும் மதகுகளும் அங்கேதான். 2023இல் தீவிபத்தில் சில கட்டடங்கள் எரிந்தும் இடம் தன் வேலையைக் கைவிடவில்லை. இங்கே மதகு இயங்குவது வாடகைக்காரருக்கே தேவை. அது பழுதானால் மறுநாள் அவர் பிழைப்பு நிற்கும். வேறெந்தப் பயன்பாட்டிலும் பராமரிப்புக்கு இவ்வளவு நெருக்கமான காவல் கிடையாது.

சத்தம், மரத்தூள், பெயின்ட் வாடை, குறைந்த வாடகை எல்லாம் இதன் விலை. பாசி ஒட்டாமல் படகடியில் பூசும் பெயின்ட்டைச் சுரண்டும்போது நஞ்சு நீரில் கலக்காமல் இருக்க, கழுவுநீரைப் பிடிக்கும் தளமும் வடிகாலும் முதல் நாளிலேயே வரைபடத்தில் இருக்க வேண்டும். குடியிருப்பை ஒட்டி வைத்தால் சில ஆண்டுகளில் புகார் கொடுத்தே பட்டறையை விரட்டிவிடுவார்கள். நடுவில் கிடங்கோ அலுவலகமோ இருக்கட்டும்.

என் தேர்வு இதுதான்: நீர் தங்கட்டும், ஒரு பக்கக் கரை படகுப் பட்டறைக்கு, எதிர்க்கரை பொதுமக்களுக்கு. நடப்பவர்கள் பக்கத்தில் பழைய கரைக்கல்லையும் கப்பலைக் கட்டும் தூண்களையும் மறைத்துக் கம்பிவேலி போடாமல், விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கை வரிசை, நீரில் ஏணிகள், மிதவை வளையங்கள். நீரின் தரம் தேறினால் பிறகு, பட்டறையிலிருந்து தள்ளி, ஒரு மிதக்கும் குளம். சுவர் ஆய்வில் கரை தாங்காது என்று வந்தாலோ, வண்டலைத் தொடவே கூடாத அளவுக்கு நஞ்சு இருந்தாலோ நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். அப்போது தூர்க்கலாம். ஆனால் மேலே கட்டடம் வேண்டாம், மரம் நடலாம்.