டாஷ்போர்டில் 'டெலிவர்டு', ஆனால் மெயில் வரவில்லை: மெயில் சேவை வாங்குபவர்கள் கவனிக்க

வெப் அப்ளிகேஷனிலிருந்து ரசீது, ஓடிபி, பாஸ்வேர்டு ரீசெட் எல்லாம் தானாக மெயிலில் போகும்படி வைத்திருப்பவர்களுக்கு இது. அதிலும் "டெடிகேட்டட் ஐபி (நமக்கு மட்டுமேயான அனுப்பும் சர்வர் முகவரி), நூறு சதவீத டெலிவரி, ஒரு வருடக் கட்டணம் முன்னாடியே" என்று போனில் பேசி விற்பவர்களிடம் வாங்கப்போகிறீர்கள் என்றால் முழுசாகப் படித்துவிடுங்கள்.

எங்களுடையது டியூஷன் சென்டர்களுக்கான கட்டண சாஃப்ட்வேர். பெற்றோர் பணம் கட்டியதும் ரசீது மெயிலில் போய்விடும். ஜூன் மாத அட்மிஷன் கூட்டத்தில் ரசீது வரவில்லை, வரவில்லை என்று ஒரே புகார். ஒரு அம்மா, பணம் போகவில்லை போல என்று நினைத்து இரண்டாவது முறையும் கட்டிவிட்டார். மெயில் சேவைக்காரரின் டாஷ்போர்டைத் திறந்தால் வரிசையாகப் பச்சை நிறத்தில் 'டெலிவர்டு'. கேட்டதற்கு, "எங்க சைடுல எல்லாம் க்ளியர் சார், கஸ்டமரை ஸ்பேம் ஃபோல்டர் பார்க்கச் சொல்லுங்க" என்றார்கள்.

அந்தப் பச்சைக்கு அர்த்தம் இவ்வளவுதான்: எதிர்முனை சர்வர் 250 என்ற பதிலைச் சொல்லி மெயிலை வாங்கிக்கொண்டது. வாங்கியதை இன்பாக்ஸில் போட்டதா, ஸ்பேமில் தள்ளியதா என்பது அதில் தெரியாது. இதை மறைத்துத்தான் 'நூறு சதவீத டெலிவரி' விற்பனையாகிறது.

ஸ்பேமில் கிடந்த எங்கள் ரசீது ஒன்றை ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' போட்டுப் பார்த்தேன். எஸ்பிஎஃப் (ஒரு டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்) பாஸ். டிகிம் (மெயிலில் டொமைன் பெயரில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) பாஸ். டிமார்க் (இந்த இரண்டும் அனுப்புநர் டொமைனோடு பொருந்துகிறதா என்ற சோதனை) ஃபெயில். முதல் இரண்டும் பாஸ் ஆனது சேவைக்காரரின் டொமைன் பெயரில். ரிட்டர்ன் பாத்தும் (போய்ச் சேராத மெயில் திரும்பி வரும் முகவரி; எஸ்பிஎஃப் பார்ப்பது இதன் டொமைனைத்தான்) அவர்களுடையது, டிகிம் கையெழுத்தும் அவர்களுடையது. அனுப்புநர் முகவரியில் மட்டும் எங்கள் டொமைன். இரண்டில் ஒன்றாவது அனுப்புநர் டொமைனோடு பொருந்தினால்தான் டிமார்க் தேறும். இதில் கூத்து என்னவென்றால், டிமார்க்கில் 'குவாரன்டைன்' என்று போடச்சொன்னதே அவர்கள்தான். அதாவது தேறாத மெயிலை ஸ்பேமில் போடு என்று எங்களையே எழுதவைத்துவிட்டு, தேறாத மெயிலாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜிமெயில் சொன்னபடிதான் செய்திருக்கிறது.

அதே பக்கத்தில் அனுப்பிய ஐபி முகவரியும் இருந்தது. சும்மா ஒரு சந்தேகத்தில் என் ஸ்பேம் ஃபோல்டரில் கிடந்த 'ஐந்து நிமிடத்தில் லோன்' மெயில் ஒன்றையும் அப்படியே திறந்தேன். அதே ஐபி! தனியாகக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த டெடிகேட்டட் ஐபியில் லோன்காரரும் எங்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறார்.

இரண்டு ஸ்க்ரீன்ஷாட்டையும் அனுப்பினேன். ஐபி பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கூகுள் 2024 பிப்ரவரியில் ரூல்ஸ் மாத்திட்டாங்க, பிரீமியம் பிளானுக்கு மாறுங்க" என்று பதில் வந்தது. விதி மாறியது உண்மைதான். ஆனால் அதில் டிமார்க் கட்டாயம் என்பது ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயில் அளவுக்கு அனுப்புகிறவர்களுக்கு. நாங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை. எங்கள் டொமைனில் டிகிம் கையெழுத்துப் போட டொமைன் அமைப்பில் (டிஎன்எஸ்) இரண்டு வரி சேர்த்தால் போதும், பிரீமியம் எதற்கு? பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'கிரெடிட் திரும்பப் பெற இயலாது' என்ற விதிமுறைப் பக்கத்தை அனுப்பினார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

இப்போது அமேசானின் மெயில் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ்ஸில் இருக்கிறோம். ஆயிரம் மெயிலுக்கு 10 அமெரிக்க சென்ட், அனுப்பிய அளவுக்குத்தான் காசு. ஆரம்பத்தில் 24 மணி நேரத்துக்கு 200 மெயில்தான், அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். விண்ணப்பித்து அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிக்கொள்ள வேண்டும்.

வேறு யாரிடம் வாங்குவதானாலும் முதலில் ஒரு சோதனை மெயில் கேளுங்கள். 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தில் டிகிம் வரியில் உங்கள் டொமைன் பெயர் தெரிந்தால்தான் பணம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டு வெளியே வருபவர்கள், உங்கள் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் அவர்கள் சேர்க்கச்சொன்ன 'இன்க்ளூட்' பகுதியை (அவர்கள் சர்வர்களும் நம் பெயரில் அனுப்பலாம் என்ற அனுமதி) மறக்காமல் நீக்குங்கள். ரிட்டர்ன் பாத் அவர்களுடையதாக இருந்தவரை அது நமக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. ஆனால் அங்கேயே கிடந்தால், அதே சர்வரில் இருக்கும் லோன்காரர் நம் டொமைன் பெயரிலேயே மெயில் அனுப்பலாம், டிமார்க்கும் பாஸ் ஆகிவிடும்.