மோடிஸ் பனி வரைபடம்: எல்லாம் சரி, இந்த மேகத்தை என்ன செய்வது?

வேளச்சேரியில் புவியியல் டியூஷன் எடுக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "இமயமலையில பனி குறையுதுங்கிறாங்களே, பசங்களை வெச்சு நாமே சரிபார்க்க முடியுமா சார்?" தாராளமாக முடியும். காசு வேண்டாம், நாசாவின் இணையதளத்தில் ஒரு கணக்கு தொடங்கினால் போதும். டெர்ரா செயற்கைக்கோளில் இருக்கும் மோடிஸ் கருவி 2000 பிப்ரவரியிலிருந்து உலகத்தின் பனிப்பரப்பை 500 மீட்டர் பிக்சலில் தினமும் பதிந்து வைத்திருக்கிறது. காஷ்மீர், லடாக், இமாச்சல் வேண்டுமென்றால் உலகத்தைச் சதுரங்களாகப் பிரித்ததில் எச் 24 வி 05 என்ற கட்டத்தை இறக்கிக்கொள்ளலாம். இதெல்லாம் அவருக்கே தெரியும். அவர் கேட்காமல் விட்டது மேகத்தைப் பற்றி. பல வருடமாக இந்தத் தரவோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அதைத் தவிர வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை.

யோசனை என்னவோ அழகானதுதான். பனி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பளபளக்கும், 1.6 மைக்ரான் குறுஅலை அகச்சிவப்பில் கறுத்துவிடும். மேகம் பெரும்பாலும் இரண்டிலும் வெளுப்பாக இருக்கும். பச்சை ஒளியிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு எண் வரும். அது உயர்ந்திருந்தால் பனி. பள்ளிக்கூடக் கணக்குதான். இதை வைத்து ஒரு கண்டத்தையே அளக்கலாம் என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்.

ஆனால் மேகம் எது என்று கண்டுபிடிப்பது ஒன்று, மேகத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பது வேறு. இரண்டாவது இந்தக் கருவியால் முடியாது. குளிர்காலத்தில் மேற்கத்திய இடையூறு, அதாவது மேற்கிலிருந்து நகர்ந்து வரும் காற்றழுத்தத் தாழ்வு, வந்தால்தான் இமயத்தில் பனி கொட்டும். அது வரும்போது மேகத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும். அதாவது, பனி விழுகிற நாளில்தான் பனி தெரியாது! பிப்ரவரி படத்தைத் திறந்தால் கட்டம் முழுக்க மேகம் என்ற குறியீடு. போதாக்குறைக்கு, பனித்துகள்களால் ஆன உயர் மேகம் அகச்சிவப்பிலும் கறுத்துப் போய்க் குழப்பும். பனியே விழாத வெப்ப நாடுகளில்கூட மேகத்தின் ஓரம் பனி என்று பதிவாவது உண்டு.

அக்டோபர் வந்தால் சென்னையில் பாதிப் பேர் செயற்கைக்கோள் படத்தில் வங்கக் கடலைப் பார்த்து மேகம் வருமா என்று ஏங்குவோம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். அதே ஆள் ஜனவரியில் மேகத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரில் இமயத்தில் வானம் பெரும்பாலும் பளிச்சென்று இருக்கும். ஆனால் அப்போது பார்ப்பதற்குப் பனி சொற்பம்.

எட்டு நாள் தொகுப்பு இருக்கிறதே என்பீர்கள். எட்டில் ஒரே ஒரு நாள் பனி தெரிந்தாலும் அது பனி என்றே எழுதிவிடும். விழுந்து மறுநாளே உருகிய பனிக்கும் முழு மரியாதை! மைக்ரோவேவ் கருவிகள் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், சரி. ஆனால் அவற்றின் பிக்சல் சுமார் 25 கிலோமீட்டர். பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை ஒரே புள்ளி; அதை வைத்துக்கொண்டு மலைப் பள்ளத்தாக்கில் என்ன செய்வது?

கோபம் ஒருபுறம் இருக்கட்டும், நியாயமாகவும் பேச வேண்டும். காலையில் டெர்ரா, மதியம் இதே கருவியைச் சுமக்கும் அக்வா செயற்கைக்கோள் என்று இரண்டையும் சேர்த்து, முன்பின் நாட்களைக் கொண்டு மேக ஓட்டையை அடைத்துப் பொறுமையாக வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். காத்மாண்டுவில் உள்ள இசிமோட் நிறுவனத்தின் 2025 அறிக்கை அப்படி வந்ததுதான். அந்தக் குளிர்காலத்தில் இந்துகுஷ் இமயப் பகுதியில் பனி தரையில் தங்கியது வழக்கத்தைவிட 23.6 சதவீதம் குறைவு, 23 ஆண்டுகளில் மிகக் குறைவு என்றது. மேகத்தோடு மல்லுக்கட்டாமல் இந்த எண் கிடைத்திருக்காது.

25 வருடம் போதாது என்பவர்களுக்கு, வட அரைக்கோளத்துக்கு 1966-லிருந்து தொடரும் அமெரிக்கப் பதிவு இருக்கிறது. ஆரம்பத்தில் மனிதர்கள் படத்தைப் பார்த்து வாரம் ஒருமுறை கையால் வரைந்தது. வசந்தத்தில் பனி குறைகிறது என்பதில் அதற்கும் மற்றத் தரவுகளுக்கும் சண்டை இல்லை. ஜூனில் சரிவு தெளிவாகவே தெரிகிறது. ஆனால் அக்டோபரில் பனி கூடுகிறது என்று அது காட்டியதை மற்றத் தரவுகள் ஒத்துக்கொள்ளவில்லை. படங்கள் மேம்பட மேம்பட மெல்லிய பனியும் வரைபடத்தில் ஏறியது காரணமாக இருக்கலாம் என்று 2013-ல் ஒரு ஆய்வு சொன்னது. அளக்கும் கண் மாறினால் பொருளும் மாறியதுபோல் தெரியும்.

டெர்ராவுக்கும் இப்போது அந்தக் கதைதான். எரிபொருளை மிச்சம் பிடிக்க 2020-க்குப் பிறகு பாதையைத் திருத்துவதை நிறுத்திவிட்டார்கள். 10:30 மணிக்குக் கடந்துகொண்டிருந்தது, வர வர முன்னதாகவே வந்துவிடுகிறது. சூரியன் தாழ்ந்திருந்தால் மலை நிழல் நீளும், நிழலில் கிடக்கும் பனி தப்பிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர் விர்ஸ் என்ற புதிய செயற்கைக்கோள் கருவியின் 375 மீட்டர் தரவையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நண்பருக்கு என் பதில்: பசங்களை ஏப்ரல், மே மாதங்களை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட விடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் மேகம் எத்தனை சதவீதம் மறைத்தது என்ற எண்ணையும் பனிக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது இல்லாத கிராஃபை நான் பார்க்க மாட்டேன்.

இதைவிட நல்ல தரவு இலவசமாக எனக்குக் கிடைத்ததில்லை. ஆனாலும் இன்றைக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான். நவம்பரில் கேட்டால் நாலரைகூடக் கொடுப்பேன். பிப்ரவரி படத்தை மட்டும் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள் சார்.