ரங்கூன் பால்கனில தொட்டிக் காய்கறி: மழைக்காலத்த தாங்கினது எது, தாங்காதது எது

2019 கடைசில ஆரம்பிச்ச பால்கனி தோட்டம் இது. இத்தன வருஷத்துல தொட்டி, பை, மண்கலவை, உரம்னு என்னென்ன வாங்கினேன், அதுல எதெது நின்னுச்சுன்னு ஒரே இடத்துல எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன். தமிழ்ல மாடித்தோட்டம் பத்தி வர்ற வீடியோ எல்லாம் பெரும்பாலும் சென்னை, கோயம்புத்தூர், மதுரை வெயிலுக்கு சொல்றது, அங்க கவலை தண்ணி பத்தலயேங்கறதுதான். இங்க வருஷத்துக்கு சுமார் 2700 மி.மீ மழை, சென்னைய விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதுலயும் பெரும்பகுதி மே நடுவுல இருந்து அக்டோபருக்குள்ள கொட்டி முடிஞ்சிடும், ஜூலை ஆகஸ்ட் ரெண்டுலயும் மாசத்துக்கு 500 மி.மீக்கு மேல. அதனால ஒரு தொட்டியோ மண்ணோ நல்லதா இல்லையான்னு நான் பாக்கறது ஒரே ஒரு விஷயம்தான்: ஆகஸ்ட் மாசம் அதுல வேர் அழுகாம இருந்துச்சா?

இடத்த பத்தி கொஞ்சம் சொல்லிடறேன். டவுன்ல நம்பர் போட்ட தெருவெல்லாம் வடக்கு தெற்கா ஓடும், அதனால ஃப்ளாட் ஒண்ணு கிழக்கு பாத்து இருக்கும் இல்ல மேற்கு பாத்து இருக்கும். எங்களது கிழக்கு, நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அகலம் பன்னண்டரை அடி. எதிர் பில்டிங்க தாண்டி சூரியன் வந்து உச்சிக்கு போற வரைக்கும் ஒரு நாலு மணி நேர வெயில் கெடைக்கும், அவ்ளோதான். மண்ணு, உமி எல்லாமே பால்கனில இருந்து தொங்கவிட்ட கயித்துலதான் மேல வருது, கீழ நிக்கறவங்க சின்ன சின்ன பையா கட்டி விடுவாங்க, நான் இழுத்துப்பேன். அதனால எனக்கு எடைதான் ரெண்டாவது முக்கியம். 20 லிட்டர் வாளில சாதா மண்ண நெரப்பி நனைச்சா 30 கிலோவுக்கு மேல போயிடும், அப்டி பத்து வாளி வச்சா பழைய பில்டிங் பால்கனில என்ன பாரம் விழும்னு பாருங்க. 2025 மார்ச் 28 பூகம்பம் மேல சகாயிங், மண்டலே பக்கம்தான் நாசம் பண்ணிச்சு, ஆனா இங்கயும் ஆடுச்சு. அன்னிக்கே கைப்புடி சுவர் மேல இருந்த தொட்டி எல்லாத்தையும் தரைக்கு எறக்கிட்டேன், இனிமே அங்க எதுவும் வைக்கறதா இல்ல. கீழ தெருவுல புள்ளைங்க வெளையாடுது.

தொட்டிகள்ல மொதல்ல தெர்மாகோல் பெட்டி, மீன் ஐஸ் வச்சு வருதே அது. பாக்க அழகே இல்ல, ஆனா இத்தன வருஷத்துல நான் திரும்ப திரும்ப போறது இதுக்குத்தான். எடையே கெடையாது, ஏப்ரல் வெயில்ல உள்ள மண்ணு சூடாகாது, கீரைக்கு வேண்டிய ஆழம் இருக்கு. ஓட்டைய அடில மட்டும் போடாதீங்க, பெட்டி தரையோட ஒட்டி உக்காந்துடும், அடி ஓட்டை அடைச்சுக்கும். பக்கவாட்டுல, அடிலேர்ந்து ஒரு இஞ்சுக்குள்ள, நாலு பக்கமும் ரெண்டு ரெண்டு ஓட்டை, சூடு பண்ணின கம்பியால குத்தினா பெட்டி விரிசல் விடாது (அந்த பொகைய மட்டும் மூஞ்சில வாங்கிக்காதீங்க). கீழ ரெண்டு ரீப்பர் கட்டை போட்டு தூக்கி வைங்க. ரெண்டு வருஷம் வெயில்ல நின்னா வெளிப்பக்கம் பொடிப்பொடியா உதிர ஆரம்பிக்கும், அந்த நெலமைக்கு வந்தா தூக்கிட்டு வேற மாத்திடணும், அந்த பொடி சாக்கடைக்குள்ள போகக்கூடாது.

ட்வான்டே மண் சட்டி. பான்சோடான்ல படகேறி டலா போய் அங்கேர்ந்து ரோட்டுல போனா ட்வான்டே, பானை செய்யறதுக்கு பேர்போன ஊரு. மெருகு பூசாத சாதா சட்டில புதினா, துளசி எல்லாம் மார்ச் ஏப்ரல்ல கூட வாடாம நிக்கும், சட்டி ஈரத்த வெளிய விடறதால வேர் குளுந்து இருக்கும். மழைல பாசி புடிக்கும், தேச்சா போயிடும், செடிக்கு ஒண்ணும் இல்ல. எடை மட்டும்தான் கொற. நான் அளவா நாலஞ்சுதான் வச்சிருக்கேன், அதுவும் சுவர் ஓரமா.

க்ரோ பேக் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. பச்ச கலர் பிளாஸ்டிக் பை, மழைக்காலத்துல எனக்கு சுத்தமா புடிக்கல, தண்ணி ஊறி ஊறி வயிறு தள்ளி ஒரு பக்கமா சாஞ்சிடுது, ஓட்டை இருக்கற இடம் மடிப்புக்குள்ள போயிடுது, தண்ணி நிக்குது. மூணாவது வருஷம் தையல் விட்டு போச்சு. துணி பை இருக்கே அது நேர்மாறு, மழைக்கு ரொம்ப நல்லது, வேர் மூச்சு விடும், ஆனா மார்ச் மாசம் காலைல ஊத்தின தண்ணி மத்தியானமே காஞ்சிடும், கரண்ட் இல்லாம மோட்டார் ஓடாத நாள்ல அதுக்கு எங்க போறது. பெயின்ட் வாளி, கறிவேப்பிலைக்கும் மொளகாய்க்கும் இத விட ஒண்ணும் வேண்டாம், நல்லா கழுவிட்டு யூஸ் பண்ணுங்க.

இப்ப மண்கலவை. தொட்டி எதுவா இருந்தாலும் சமாளிச்சுக்கலாம், கலவை சரியில்லன்னா ஜூலைல எல்லாம் போயிடும். நர்சரில மூட்டையா விக்கற கறுப்பு மண்ணு ஆத்து வண்டல் மாதிரிதான் இருக்கும், மழைல இறுகி கல்லாகிடும். நான் போடறது உமிக்கரி ரெண்டு பங்கு, மக்கின சாணி உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தேங்காநார் தூள் ஒரு பங்கு, சலிச்ச மண்ணு ஒரு பங்கு. நம்ம தாத்தா பாட்டி பல்லு தேச்ச அதே உமிக்கரிதான். நெல்லு வெளையற நாடு, உமிக்கு இங்க பஞ்சமே இல்ல. ஆனா கடைல கேட்டா சாம்பலையும் கரியையும் ஒண்ணாத்தான் பேசுவாங்க, பாத்து வாங்கணும். பெகு பக்கம் கிராமத்துல இருக்கற எங்க பெரியம்மா சொல்லுவாங்க, "கருகணும்டி, சாம்பலாகக் கூடாது"ன்னு. அவங்க செய்யறது எப்டின்னா, சுத்தி ஓட்டை போட்ட பழைய எண்ணெ டின்ன நடுவுல கவுத்து உள்ள நெருப்ப போட்டு, மேல ஒரு குழாய நிறுத்தி, சுத்தியும் உமிய மலையா குவிச்சிடுவாங்க. தீ வெளிய தெரியாது, நடுவுலேர்ந்து மெதுவா கறுத்துக்கிட்டே வெளிய வரும். மேல அங்கங்க கறுப்பு எட்டிப்பாக்கும்போது ஒரு தடவ கிளறி விட்டு, முழுசும் கறுத்ததும் ஓரத்துல வெள்ள தட்டறதுக்குள்ள தண்ணிய ஊத்தி அணைச்சிடணும். அந்த கறுப்பு உமி கைல எடுத்தா உமியோட உருவம் அப்டியே இருக்கும், அதுக்குள்ள காத்து இருக்கு, தண்ணி நிக்காம எறங்கும், எடையும் பாதியாகிடும். சாம்பல் அப்டி இல்ல, மாவா போய் இடுக்கெல்லாம் அடைச்சிடும், காரத்தன்மையும் ரொம்ப அதிகம். கரிக்கும் கொஞ்சம் காரம் உண்டு, அதான் ஒரு தடவ நல்லா தண்ணி விட்டு அலசிட்டு கலக்கறது.

உரத்துல மழைக்காலத்துக்கு ஒண்ணு புரிஞ்சுக்கணும், ஒவ்வொரு அடைமழையும் மண்ணுல இருக்கற தழைச்சத்த கழுவி கீழ கொண்டு போயிடும், அடி இலை வெளுத்து மஞ்சளாறது பாதி நேரம் நோயே இல்ல, பசிதான். அந்த மாசங்கள்ல திரவ உரம் ஊத்தறது வீண், ஊத்தின சாயங்காலமே மழை அடிச்சிட்டு போயிடும். வாரத்துக்கு ஒரு பிடி மண்புழு உரம் மேலாப்ல தூவி விடறேன், கொஞ்சமா ஆனா விடாம. நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான் திரவ உரம். கடலைப் புண்ணாக்கு 100 கிராம் ஒரு லிட்டர் தண்ணில மூணு நாள் ஊறவச்சு, பத்து மடங்கு தண்ணி கலந்து ஊத்தறேன். மாக்வே, மண்டலே பக்கம் கடலையும் எள்ளும் ஆட்டற ஊருங்கறதால புண்ணாக்கு இங்க தாராளம், வீசை கணக்குல வாங்கலாம், ஒரு வீசைங்கறது ஒண்ணரை கிலோவுக்கு மேல வரும். அப்புறம் மீன் அமிலம். மீன் குடலு தலை எல்லாத்தையும் சம எடை வெல்லத்தோட டப்பால மூடி மூணு வாரம் வைக்கறது, வெல்லத்துக்கு பாகான் பக்கத்து பனைவெல்லம்தான் போடறேன், வாடை கொறச்சலா பழ வாசனையா வந்தா சரியா நொதிச்சிருக்குன்னு அர்த்தம். லிட்டருக்கு 3 மில்லி, அதுக்கு மேல வேண்டாம். கீரை நெறமே மாறும், உண்மையிலயே நல்ல சாமான். பஞ்சகவ்யாவும் நல்லதுதான், கொடுமுடி டாக்டர் நடராஜன் சொன்ன முறைலயே ஊர்ல பண்றாங்க, ஆனா நாலாவது மாடில சாணியும் கோமியமும் வச்சு பண்றதுக்கு அக்கம்பக்கம் விடமாட்டாங்க. டீக்கடைல வடிச்ச டீத்தூள் கேட்டா குடுப்பாங்க, பாலு சக்கரை சேராததா கேட்டு வாங்கி காயவச்சு கம்போஸ்ட்ல சேருங்க.

என்ன போடலாம்? மழைக்காலத்துல மழைய விரும்பற செடியத்தான் போடணும், இத ஒத்துக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. வல்லாரை, பொன்னாங்கண்ணி, வள்ளல் கீரை, அதான் இங்க கசுன்னு விக்கறது, கடைல வாங்கின தண்டையே குத்தி வச்சா வேர் விட்டுடும். வல்லாரைய பர்மாக்காரங்க பச்சையா வேர்க்கடலை, வெங்காயம், மீன் சாஸ் போட்டு பெசஞ்சு சாப்டுவாங்க, எங்க வீட்ல இப்ப தொவையல விட அதுதான் ஓடுது, ஒரு பெட்டி வல்லாரை இருந்தா வாரம் ஒரு தடவ அறுக்கலாம். புளிச்சக்கீரைய மழைக்கு முன்னாடி மே ஆரம்பத்துல வெதச்சு விட்டா அதுவே சமாளிச்சு வளந்துக்கும், நுனி கிள்ள கிள்ள கெளைக்கும், மூங்கில் குருத்தும் எறாலும் போட்டு பெரட்டினா வேற கறியே வேண்டாம்.

கொத்தமல்லிதான் எல்லாருக்கும் கண்ணீர். மழைல அழுகும், வெயில்ல சீக்கிரமே பூவெடுத்துடும், நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும்தான் அது நல்லா வரும். மத்த மாசத்துக்கு ஷான் நன்னான் வைங்க, நீளமான இலை, ஓரமெல்லாம் பல்லு பல்லா இருக்கும், வாசனை கொத்தமல்லிய விட ஒரு படி தூக்கலாவே இருக்கும். அரை நெழல் போதும், எவ்ளோ மழை பேஞ்சாலும் அசையாது. நடுவுல பூத்தண்டு வந்தா உடனே கிள்ளிடணும், இல்லன்னா இலை முள்ளா போயிடும். ரசத்துக்கு ரெண்டு இலை போதும். இத்தன வருஷத்துல நான் வச்ச செடிகள்ல சமையலுக்கு அதிகமா ஒதவினது இதுதான்.

தக்காளி, என் வெயிலுக்கு பெருசா வராது, நேராவே சொல்லிடறேன். அக்டோபர்ல வெதச்சு டிசம்பர் ஜனவரி குளிர்ல பூ புடிக்கற மாதிரி பண்ணினா செர்ரி வகை மட்டும் கொத்து கொத்தா வரும், மார்ச் ஆச்சுன்னா ராத்திரி சூட்டுல பூ கொட்டிடும். மேற்கு பாத்த பால்கனி, இல்ல மொட்டமாடி இருக்கறவங்க தாராளமா போடுங்க. கடைக்கு வர்ற இன்லே ஏரி தக்காளில பூச்சிமருந்து ஜாஸ்தின்னு ஆய்வுகளே வந்திருக்கு, அதனால கையளவு வந்தாலும் எனக்கு அது சந்தோஷம்தான்.

மொளகாய்க்கு ஏப்ரல்ல இலை சுருண்டா ஒரு வெள்ள பேப்பர கீழ புடிச்சு கெளைய தட்டுங்க, மஞ்சளா நூல் துண்டு அளவுல ஓடினா அது இலைப்பேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெ, கொஞ்சம் சோப்பு தண்ணி, சாயங்காலமா இலைக்கு அடில. மழைல இத அடிச்சு பிரயோஜனம் இல்ல, மாவுப்பூச்சியெல்லாம் அப்ப ஈரத்துணியால தொடைச்சு எடுக்கறதுதான். கறிவேப்பிலைல பறவை எச்சம் மாதிரி ஒட்டிட்டு இருக்கறது வண்ணத்துப்பூச்சி புழு, பெருசானா பச்சையாகிடும், ஒரு கெளைய அதுக்குன்னு விட்டுடுவேன், மிச்சத்த எடுத்து அங்க மாத்தி விடுவேன்.

தொட்டிக்கு கீழ தட்டு வைக்கறவங்க ஜூன்லேர்ந்து அத எடுத்துடுங்க. டெங்கு கொசு முட்டைலேர்ந்து பறக்கற வரைக்கும் ஒரு வாரம் பத்து நாள்தான், மழைக்காலத்துல வருஷா வருஷம் இங்க புள்ளைங்களுக்குத்தான் அது ஜாஸ்தி வருது. வைச்சே ஆகணும்னா வாரம் ரெண்டு தடவ கொட்டி, உள்பக்கம் தேச்சு கழுவணும், முட்டை ஓரத்துல ஒட்டிட்டு இருக்கும், தண்ணிய மட்டும் கொட்டினா போகாது.

கடைசியா கோடைக்கு. கரண்ட் போனா மோட்டார் இல்ல, மோட்டார் இல்லன்னா நாலாவது மாடிக்கு தண்ணி இல்ல. அதுக்காக ரெண்டு வாளிய ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்சு, மேல் வாளி அடில ஓட்டை போட்டு பழைய பருத்தி லுங்கித் துணிய திரியா முறுக்கி கீழ் வாளி தண்ணில விட்டிருக்கேன். கீழ் வாளிய முழுசா மூடி, ஊத்தற ஓட்டைக்கு வலை கட்டணும், கொசு காரணமாத்தான். மொளகாய் இதுல ரெண்டு நாள் தண்ணி ஊத்தாம வாடாம நிக்குது, கறிவேப்பிலைக்கு இவ்ளோ ஈரம் புடிக்கல, அத பழையபடி சாதா வாளிக்கே மாத்திட்டேன். பருத்தித் துணி ஒரு சீசன்ல மக்கிடுது, வர்ற மார்ச்சுக்கு நைலான் கயிறு போட்டு பாக்கப்போறேன்.