பழைய வின்ஃபார்ம்ஸ் திரைக்குள் எதைப் பொருத்துவது: டபிள்யூபிஎஃப்பா, வெப்வியூ2வா?

எங்களிடம் இருப்பது பில் பதிவு செய்யும் பழைய டெஸ்க்டாப் மென்பொருள். முழுக்க வின்ஃபார்ம்ஸ், அதாவது விண்டோஸ் திரைகளை எழுத மைக்ரோசாஃப்ட் தந்த பழைய முறை. அத்தனை திரையையும் ஒரே மூச்சில் மாற்றியெழுத ஆளும் இல்லை, அவகாசமும் இல்லை. ஃபார்ம் அப்படியே இருக்கட்டும், நடுவில் இருக்கும் கிரிட்டை (பில் வரிகளை அடிக்கும் அட்டவணையை) மட்டும் புதிதாகச் செய்து பொருத்துவோம் என்று இறங்கினோம். வின்ஃபார்ம்ஸுக்குள் டபிள்யூபிஎஃப் திரையைப் பொருத்தும் எலிமென்ட்ஹோஸ்ட் வழியாக டபிள்யூபிஎஃப் (மைக்ரோசாஃப்டின் அடுத்த தலைமுறை திரை முறை), இல்லையென்றால் ஆப்புக்குள் பிரவுசரை வைக்கும் வெப்வியூ2வில் ஒரு எச்டிஎம்எல் பக்கம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் டபிள்யூபிஎஃப் பக்கம் வந்தேன்.

தோற்றத்தில் வெப்வியூ2 ஒரு படி மேல். வெப் தெரிந்தவர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள், அதே பக்கத்தை நாளை பிரவுசருக்கும் கொண்டுபோகலாம். இதில் வாதாட எதுவுமில்லை.

முடிவைத் தீர்மானித்தது கீபோர்டு. பழைய திரையில் எஃப்5 அழுத்தினால் பில் சேமிக்கப்படும். பதிவு செய்பவர்கள் கீபோர்டைப் பார்ப்பதுகூட இல்லை, விரல் தானாகப் போகும். வெப்வியூ2 வைத்த சோதனைப் பதிப்பில் ஒருவர் 14 வரிகளை அடித்துவிட்டு எஃப்5 தட்டினார். பிரவுசருக்கு எஃப்5 என்றால் ரீஃப்ரெஷ். பக்கம் ஒரு கணம் வெளுத்துத் திரும்பி வந்தது, ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் முதல் வரியிலிருந்து அடிக்க ஆரம்பித்தார். எனக்கு மனசே கேட்கவில்லை.

பிரவுசரின் ஷார்ட்கட் கீகளை அணைக்க ஒரு செட்டிங் இருக்கிறது, அணைத்தோம். ஆனால் சிக்கலின் வேர் அங்கே இல்லை. வெப்வியூ2 ஓடுவது தனி பிராசஸில், அதாவது நம் ஆப்புக்கு வெளியே தனி புரோகிராமாக. உள்ளே தட்டும் கீ முதலில் அங்கேதான் போகிறது. ஃபங்ஷன் கீ, கன்ட்ரோல், ஆல்ட் சேர்ந்தவை ஆக்சிலரேட்டர் கீ ஈவென்டாக (ஷார்ட்கட் கீ தட்டப்பட்டது என்ற அறிவிப்பாக) நமக்கு வரும், சாதாரண எழுத்து வராது. கீபிரிவ்யூவை (எந்தக் கீ தட்டினாலும் ஃபார்ம் முதலில் பார்க்கும் வசதியை) நம்பி எழுதிய பழைய கோடு அங்கே கைகொடுக்காது.

அதைவிடப் பெரிய தலைவலி, டேட்டா பக்கத்துக்குள் இருப்பது. ஃபார்மை மூடும்போது 'சேமிக்காதது ஏதும் உண்டா' என்று பழைய கோடு கேட்கும், அந்த நொடியே பதில் வேண்டும். பக்கத்திடம் கேட்டால் பதில் உடனே வராது, 'அசிங்க்' முறையில் பிறகுதான் வரும். திரையை இயக்கும் யூஐ த்ரெடை நிறுத்திவைத்துக் காத்திருந்தால் ஆப் உறைந்துவிடும். அதனால் மூடுவதை ஒருமுறை ரத்து செய்து, பதில் வந்தபின் மறுபடி மூட வேண்டியிருந்தது. இப்படி ஒவ்வொரு ஈவென்டையும் பிரித்து மேய்ந்தால், தொடாமல் விடலாம் என்று நினைத்த ஃபார்மையே பாதி மாற்றி எழுதியாகிவிடும்.

டபிள்யூபிஎஃப்பில் எல்லாம் ஒரே பிராசஸ், ஒரே த்ரெட். கிரிட்டின் மதிப்பை ஒரு பிராப்பர்டியாகப் படித்துக்கொள்ளலாம், மூடும் கோடு அப்படியே ஓடியது. டேப் தட்டினால் கடைசிக் கட்டத்திலிருந்து வெளியே வந்து ஃபார்மின் அடுத்த பெட்டிக்குப் போகிறது.

தொல்லை இல்லாமல் இல்லை. வின்ஃபார்ம்ஸ் ஆப்பில், டபிள்யூபிஎஃப் ஆப்பைக் குறிக்கும் அப்ளிகேஷன்.கரன்ட் காலியாக (null) இருக்கும். ஸ்டைல்களை ஆப் மட்டத்தில் வைக்கும் பழக்கத்தில் இருந்தால் எதுவும் கிடைக்காது, நாம் பொருத்தும் டபிள்யூபிஎஃப் துண்டான யூசர்கன்ட்ரோலிலேயே சேர்க்க வேண்டும். தனி டபிள்யூபிஎஃப் விண்டோவை மோடல் இல்லாமல் (மற்ற திரைகளைத் தடுக்காமல்) திறந்தால் டெக்ஸ்ட்பாக்ஸில் எழுத்து விழாது. எனேபிள்மோட்லெஸ்கீபோர்டுஇன்ட்ராப் என்ற ஒற்றை வரி அதைச் சரிசெய்யும். அது தெரியாமல் ஒரு நாள் போனது. 'ஏர்ஸ்பேஸ்' பிரச்சினையும் உண்டு: திரையில் ஓர் இடத்தை ஒரு தொழில்நுட்பம்தான் வரைய முடியும், எனவே வின்ஃபார்ம்ஸ் பட்டன் மேல், அடியில் இருப்பது மங்கலாகத் தெரியும்படி டபிள்யூபிஎஃப் திரை போட வழியில்லை. வெப்வியூ2வும் தனி விண்டோதான் என்பதால் அங்கேயும் இதே கதை.

வெவ்வேறு ஸ்கேலிங் (எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கும் அளவு) உள்ள இரண்டு மானிட்டர்களில் நான் அதிகம் ஓட்டிப் பார்த்ததில்லை. வின்ஃபார்ம்ஸ் பிக்சலில் அளக்கிறது, டபிள்யூபிஎஃப் அங்குலத்தில் 96-ல் ஒரு பங்கை அலகாக வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் அதைச் சோதியுங்கள்.

வெறும் பார்வைக்கான சார்ட் திரை ஒன்றை மட்டும் வெப்வியூ2விலேயே விட்டிருக்கிறேன். அதற்கும் இன்ஸ்டால் செய்தபோது யூசர் டேட்டா ஃபோல்டரை (வெப்வியூ2 தன் தகவல்களை வைக்கும் ஃபோல்டரை) மாற்ற வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் அது இஎக்ஸ்இ பக்கத்திலேயே ஃபோல்டர் போடப் பார்க்கும், புரோகிராம் ஃபைல்ஸில் எழுத அனுமதி இருக்காது.