நின்று நீட்டுவதா, ஓடிச் சூடேறுவதா? சிறுவர்களுக்கான வார்ம் அப்

பத்து வயதுப் பிள்ளைகளின் கால்பந்துக் குழுவுக்கு வார்ம் அப், அதாவது ஆட்டத்துக்கு முன் உடலைத் தயார்ப்படுத்தும் பயிற்சி, நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, நான் சிறுவனாக இருந்தபோது செய்ததையே செய்யவைத்தேன். வட்டமாக நிற்க வேண்டும், குனிந்து கால்விரலைத் தொட வேண்டும், ஒரு காலைப் பின்னால் மடக்கிப் பிடித்தபடி இருபது வரை எண்ண வேண்டும். பன்னிரண்டு எண்ணுவதற்குள் ஒருவன் பக்கத்தில் நிற்பவனை விரலால் தள்ளுவான், அவன் சரிவான், வட்டம் கலையும். ஒரு பருவம் அப்படியே போனது. அசைந்துகொண்டே செய்யும் பயிற்சிக்கு மாறி இது இரண்டாவது பருவம். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நின்று நீட்டுவதற்கு இடம் வேண்டாம், கருவி வேண்டாம், யார் வேண்டுமானாலும் சொல்லித்தரலாம். ஆனால் உடல் சூடாவதில்லை. வார்ம் அப்பின் முதல் வேலையே அதுதான்.

2005இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 11 வயதுள்ள 60 பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் நடந்து ஐந்து நிமிடம் தசைகளை நீட்டியபின், நின்ற இடத்திலிருந்து மேலே குதிப்பதும் இரு கோடுகளுக்கிடையே மாறிமாறி ஓடும் ஷட்டில் ஓட்டமும், பத்து நிமிடம் அசைவுப் பயிற்சி செய்தபின் இருந்ததைவிடக் குறைந்தன. வேடிக்கை என்னவென்றால், உடலை வளைப்பதில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. நீட்டுவதன் சொந்தக் களத்திலேயே அதற்கு வெற்றி இல்லை.

ஆனாலும் இதை மட்டும் வைத்து நான் மாறியிருக்க மாட்டேன். ஒரு தசையை 60 விநாடிக்குள் நீட்டி விட்டுவிட்டால் இழப்பு சராசரியாக ஒரு சதவீதம் அளவுதான். அந்த ஒரு சதவீதம் பத்து வயதுப் பையனின் ஆட்டத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது.

என்னை மாற்றியது சலிப்புதான். வார்ம் அப்பின் பெரிய பலன் ஒருநாள் ஆட்டத்தில் கிடைப்பதல்ல, வாரக்கணக்கில் சேர்வது. 7 முதல் 12 வயது வரையானவர்களுக்கென்று வடிவமைத்த ‘ஃபிஃபா 11+ கிட்ஸ்’ திட்டத்தை நான்கு ஐரோப்பிய நாடுகளில் சோதித்தபோது, அதைச் செய்த குழுக்களில் காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. மொத்தம் ஏழு பயிற்சிகள், பதினைந்திலிருந்து இருபது நிமிடம். அதைத் தொடர்ந்து செய்தால்தானே பலன்? மூன்றாவது வாரமே பிள்ளைகள் முகம் சுளிக்கும் பயிற்சியை எத்தனை மாதம் இழுக்க முடியும்? கால்விரலைத் தொடத் தெரிந்துவிட்டால் அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. இத்திட்டத்தில் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஐந்து படிகள் உண்டு. ஒற்றைக் காலில் நிற்பது கைவந்ததும், நின்றபடியே பந்தை எறிந்து பிடிக்க வேண்டும். “நாங்கள் எப்போது அடுத்த படி?” என்று அவர்களே கேட்கிறார்கள்.

துள்ளி ஒற்றைக் காலில் இறங்கும் பயிற்சியைப் பாருங்கள். எங்கள் குழுவில் ஒரு சிறுமிக்கு ஒவ்வொரு முறையும் முழங்கால் உள்பக்கமாக மடியும். “முழங்காலைப் பாதத்துக்கு நேராக வை” என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. “சத்தம் வராமல், பூனை மாதிரி இறங்கு” என்றேன். அடுத்த துள்ளலில் இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி, மெத்தென்று இறங்கினாள். அதன்பின் குழு முழுவதும் தங்கள் காலடிச் சத்தத்தைத் தாங்களே கேட்கத் தொடங்கிவிட்டது.

ஓடிப்பிடிக்கும் விளையாட்டே போதும் என்பவர்களும் உண்டு. உடல் சீக்கிரம் சூடாகும், சிரிப்பும் நிறைய வரும். ஆனால் பிடிபட்டவர் வெளியே என்ற விதி இருந்தால், மெதுவாக ஓடும் பிள்ளைதான் முதலில் ஓரமாக நிற்கும். அதிகம் அசைய வேண்டியதும் அதுதான். அந்த விதியை எடுத்துவிட்டு முதல் மூன்று நிமிடம் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஜிம்னாஸ்டிக்ஸ், நடனம் போல காலை முழு வீச்சுக்கு விரிக்க வேண்டிய துறைகளில் எனக்கு அனுபவம் இல்லை. அங்கே நீட்டுவதற்கு வேறு நியாயம் இருக்கலாம். சட்டென்று உயரும் பதின்ம வயதினரோடும் நான் பழகியதில்லை.

இரண்டு முறைக்கும் பொதுவாக நான் செய்த தவறு ஒன்று உண்டு. வார்ம் அப் முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பத்து நிமிடம் ஆட்ட உத்தி பேசுவேன். ஏறிய சூடு அங்கேயே இறங்கிவிடும். இப்போது பேச்சு முதலில், துள்ளல் பிறகு. மாற்று ஆட்டக்காரர்களை அவ்வப்போது எல்லைக்கோட்டோரம் ஓடவைக்கிறேன்.