பெட்டியில் 15 பார், கோப்பையில் புளிப்பு

இந்த எஸ்பிரெசோ காபி மெஷினை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. முதல் மாதமே எழுதியிருந்தால் "வாங்காதீர்கள்" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். ஒற்றை பாய்லர் (காபிக்கும் ஸ்டீமுக்கும் அதே ஒன்றுதான்), வைப்ரேஷன் பம்ப், 58 மில்லிமீட்டர் போர்ட்டாஃபில்டர் (தூளைப் போட்டு மெஷினில் மாட்டும் கைப்பிடி). புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்று சொல்லி விற்கும் ரகம்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் "15 பார்" என்று போட்டிருந்தார்கள். நானும் அதைப் பார்த்து மயங்கியவன்தான். பார் என்பது தண்ணீரைத் தள்ளும் அழுத்தத்தின் அளவு. எஸ்பிரெசோவுக்கு வேண்டியது சுமார் 9 பார். 15 என்பது பம்ப் தள்ளக்கூடிய உச்சம், அவ்வளவுதான். மிஞ்சுவதைத் திருப்பிவிட உள்ளே ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கிறது. அதைச் சரியாக வைத்து அனுப்பவில்லை. நண்பரிடம் பிரஷர் கேஜ் இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தால் முள் 13-ஐத் தாண்டி நின்றது. அந்த வேகத்தில் வரும் தண்ணீர் தூள் முழுவதையும் நனைக்காது. எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே துளைத்துக்கொண்டு ஓடிவிடும். ஓடிய வழியில் தூள் கசந்து போகும், மற்ற இடத்தில் ஊறாமலே கிடக்கும். ஒரே மடக்கில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தது அதனால்தான்.

பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, மேல்மூடியைக் கழற்றினேன். (வாரண்டி போய்விடலாம், யோசித்துச் செய்யுங்கள்.) வால்வு ஸ்குரூவைக் கால் சுற்று தளர்த்துவது, மூடி மாட்டி அளப்பது, மறுபடி தளர்த்துவது என்று ஒரு ஞாயிறு மதியம் முழுக்கப் போனது. வழியை அடைத்து வைத்து அளக்கும்போது, ஷாட் (ஒரு முறை எடுக்கும் எஸ்பிரெசோ) இறங்கும் நேரத்தில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும் என்பதால் முள்ளை 10-ல் நிறுத்தினேன்.

அடுத்து, கூடவே வந்த பாஸ்கெட், அதாவது போர்ட்டாஃபில்டருக்குள் தூளைத் தாங்கும் துளையிட்ட கிண்ணம். அடியில் இரட்டைச் சுவர், வெளிச்சுவரில் ஒரே ஒரு ஊசித்துளை. எந்தப் பழைய தூளைப் போட்டாலும் நுரை பொங்கி வழியும். பார்க்க அழகு, ஆனால் அது க்ரீமா (நல்ல எஸ்பிரெசோ மேல் நிற்கும் நுரை) வேஷம் போட்ட காற்று. அதைத் தூக்கி வைத்துவிட்டு ஒற்றைச் சுவர் பாஸ்கெட் போட்ட அன்றுதான் உண்மை தெரிந்தது: 12 நொடியில் கோப்பை நிரம்பிவிட்டது, வாயில் வைக்க முடியாத புளிப்பு. தூள் அத்தனை கொரகொரப்பு.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரைண்டரை மாற்றினேன், தூளின் அளவை மாற்றினேன், தூளை அமுக்கும் டேம்பரை அழுத்தும் பலத்தையும் மாற்றினேன், எல்லாம் ஒரே நாளில். எது எதைக் கெடுத்தது என்று புரியாமலே ஒரு பாக்கெட் கொட்டை காலியானது. அப்புறம் 18 கிராம் தூள், கோப்பையில் இறங்குவது 36 கிராம் காபி என்று தராசில் வைத்து, அந்த இரண்டையும் தொடவே இல்லை. கிரைண்டரை மட்டும் ஒவ்வொரு கோடாக நைஸாக்கிக்கொண்டே போனேன். ஷாட் இறங்கும் நேரம் 28 நொடிக்கு வந்தபோது புளிப்பு அடங்கி இனிப்பு எட்டிப் பார்த்தது. இன்னும் இரண்டு கோடு ஆசைப்பட்டேன். 40 நொடி இழுத்து, நாக்கு வறளும் துவர்ப்பு. சரி என்று திரும்பி வந்துவிட்டேன். புதுப் பாக்கெட் பிரித்தால் இந்தத் தேடல் மறுபடி கொஞ்சம் இருக்கும்.

சூடு விஷயத்தில் மெஷினோடு சமரசம்தான். தெர்மோஸ்டாட் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். போர்ட்டாஃபில்டரை மாட்டியபடி இருபது நிமிடம் சூடேறவிட்டு, ஹீட்டர் விளக்கு அணைந்தபின் ஒவ்வொரு முறையும் அதே அளவு நொடி எண்ணி ஷாட் எடுக்கிறேன். பாலுக்கு ஸ்டீம் எடுத்த கையோடு ஷாட் போடாதீர்கள், கருகிய கசப்பு வரும். முதலில் தண்ணீரை ஓடவிட்டு பாய்லரின் சூட்டை இறக்க வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்த வால்வுக்காக ஒன்று கழித்தேன். மீதி அரை, நாலு ஷாட்டுக்குள் நிரம்பி மேடையெல்லாம் வழியும் டிரிப் டிரேக்கு (அடியில் சிந்துவதைப் பிடிக்கும் தட்டு).