பவுச் மெஷினுக்கு டிரான்சிஸ்டர், காப்பித் தோட்டத்துக்கு ரிலே

சேலத்தில் கன்ட்ரோல் பேனல் கட்டுகிறவரிடம் போய், மெஷினை ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டரான பி.எல்.சி.க்கு, வால்வை ஆன்-ஆஃப் செய்யும் அவுட்புட் ரிலேயா டிரான்சிஸ்டரா, எது போடலாம் என்று கேட்டால், "ரிலேயே போடுங்க சார், எதை மாட்டினாலும் இழுக்கும்" என்பார். பொய் இல்லை. ரிலே என்பது காந்தத்தால் கான்டாக்ட் சேர்ந்து பிரியும் சுவிட்ச். அது 230 வோல்ட் ஏசியும் இழுக்கும், 24 வோல்ட் டிசியும் இழுக்கும். ஒரு பாயின்ட்டுக்கு, அதாவது ஒரு அவுட்புட்டுக்கு, 2 ஆம்பியர் வரை தாங்கும். பிளஸ், மைனஸ் மாறினாலும் கவலையில்லை. நகரும் பாகமே இல்லாத எலெக்ட்ரானிக் சுவிட்சான டிரான்சிஸ்டருக்கு டிசி மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் அரை ஆம்பியர். வேகம் பற்றிய வாதத்தை விட்டுவிடலாம். ரிலே 10 மில்லிசெகண்ட் தாமதிக்கிறது என்றால், வால்வு அதைவிட அதிகமாகவே தாமதிக்கிறது.

காயிலில் கரன்ட் பாய்ந்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

ஜவ்வரிசியை அரைக் கிலோ பவுச்சாக அடைக்கும் மெஷினை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 30 பவுச். சீல் ஜா (பவுச்சைச் சூட்டால் ஒட்டும் தாடை), கட்டர், கப் ஷட்டர் என ஒவ்வொன்றின் ஏர் வால்வும் பவுச்சுக்கு ஒரு தடவை திறந்து மூடும். இரண்டு ஷிப்ட், 16 மணி நேரம் ஓடினால் ஒரு வால்வுக்கு நாளொன்றுக்கு 28,800 தடவை. கேட்டலாக்கில் ரிலேயின் ஆயுள் ஒரு கோடி என்று போட்டிருப்பார்கள். அது லோடு இல்லாமல் சும்மா தட்டுகிற கணக்கு. அதற்குக் கீழ் வரியில், முழு லோடில் 1 லட்சம் என்று இருக்கும். 1 லட்சத்துக்கு நான்கு நாள்கூட ஆகாது. நம் காயில் 4.8 வாட்தானே, 24 வோல்ட்டில் 0.2 ஆம்பியர்தானே என்று தாராளமாக 10 லட்சம் வைத்தாலும் 35 நாள். 30 லட்சம் என்றே வையுங்கள், ஆடியில் மாட்டியதை ஐப்பசியில் கழற்ற வேண்டும்.

மாவுத் தூசி போய்தான் கான்டாக்ட் கெடுகிறது என்று பலர் சொல்வார்கள். பி.எல்.சி.க்குள் இருக்கும் ரிலே பெரும்பாலும் சீல் செய்தது, தூசிக்கு அங்கே வழியில்லை. கெடுப்பது காயில்தான். கரன்ட்டை வெட்டும் நொடியில் காயில் எதிர்த்திசையில் சில நூறு வோல்ட் உதைக்கும், கான்டாக்ட் நடுவே பொறி பறக்கும். ஏசி என்றால் கரன்ட் பூஜ்யத்தைத் தொடும்போது பொறி தானாக அணையும். டிசியில் அந்தச் சலுகை இல்லை. நாளடைவில் கான்டாக்ட் குழி விழும், அல்லது ஒட்டிக்கொள்ளும். குழி விழுந்தால் வால்வு விட்டுவிட்டு வேலை செய்யும். ஒட்டினால் சூடான ஜா பவுச்சைப் பிடித்தபடியே நிற்கும், பிளாஸ்டிக் கருகும்.

கண்டுபிடிப்பதிலும் தொல்லை. பி.எல்.சி.யில் சிவப்பு லைட் எரியும், வால்வு எழாது. உடனே வால்வை மாற்றுவார்கள், பிறகு ஒயரை மாற்றுவார்கள். அந்த லைட் உத்தரவு போனதைத்தான் காட்டும், கான்டாக்ட் சேர்ந்ததைக் காட்டாது. லைட் எரியும்போது காமனுக்கும் (பல பாயின்ட்டுக்கும் பொதுவான டெர்மினல்) அந்த டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். நல்ல கான்டாக்ட் என்றால் ஏறக்குறைய 0 வோல்ட். சில வோல்ட் நின்றால் கான்டாக்ட் வெந்துவிட்டது. ரிலே போர்டில் சால்டர் செய்யப்பட்டிருப்பதால், ஒரு பாயின்ட்டுக்காக முழு பி.எல்.சி.யையும் கழற்ற வேண்டும். உதிரி பாயின்ட் இருந்து, புரோகிராமும் கையில் இருந்தால் பிழைத்தீர்கள்.

டிரான்சிஸ்டரில் தேய்வதற்கு எதுவும் இல்லை. ஆனால் ஒரே ஒரு ஷார்ட் போதும், செத்துவிடும். அதனால் சில காரியங்களை ஒழுங்காகச் செய்ய வேண்டும். காயிலின் உதையை அடக்க ஒவ்வொரு காயிலின் குறுக்கேயும் கரன்ட்டை ஒரே திசையில் விடும் 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். திருப்பிப் போட்டால் முதல் தடவை ஆன் ஆகும்போதே டிரான்சிஸ்டர் போய்விடும். டயோடு போட்டால் வால்வு விடுவது சற்றே தாமதமாகும். கட்டர் டைமிங் தட்டினால் வால்வைச் சீக்கிரம் விடவைக்கும் ஜீனர் டயோடு சேர்த்த வகையைப் போடலாம். அரை ஆம்பியர் என்பது ஒரு பாயின்ட்டுக்கு. நான்கு பாயின்ட் சேர்ந்த காமனுக்குத் தனி வரம்பு உண்டு, 0.8 ஆம்பியர் மட்டுமே தரும் மாடலும் இருக்கிறது. 11 வாட் காயில் 0.46 ஆம்பியர் இழுக்கும், அதை நேரடியாக மாட்டாதீர்கள்.

சிங்க் வகையா, சோர்ஸ் வகையா என்பதையும் பாருங்கள். சிங்க் வகை 0 வோல்ட் பக்கத்தை வெட்டுகிறது, சோர்ஸ் வகை 24 வோல்ட் பக்கத்தை. 24 வோல்ட் சப்ளை தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 0 வோல்ட்டை எர்த்தில் கட்டியிருந்தால், ஒயர் உரசி மெஷின் பாடியைத் தொட்டதும் வால்வு தானாக எழும். கை நுழைகிற மெஷினுக்கு சோர்ஸ்தான் சரி. அதே தவறில் ஃபியூஸ் போகும், அவ்வளவுதான். டிரான்சிஸ்டர் சாகும்போதும் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும்: லைட் அணைந்திருக்கும், காயிலில் 24 வோல்ட் நிற்கும். எமர்ஜென்சி பட்டன் புரோகிராமில் மட்டும் இருந்தால் போதாது. அவுட்புட் சப்ளையையே வெட்ட வேண்டும். இது ரிலேக்கும் பொருந்தும்.

மலை ஏறினால் கணக்கு தலைகீழ். ஏற்காட்டில் காப்பிக்கும் மிளகுக்கும் தண்ணீர் விடும் வால்வு ஒரு நாளைக்கு இரண்டு தடவை திறந்தால் வருடத்துக்கு 730. அங்கே 1 லட்சம் என்பது 137 வருடம். பாசன வால்வுகளில் 24 வோல்ட் ஏசி காயில் நிறைய. டிரான்சிஸ்டருக்கு அங்கே இடமே இல்லை. டிசி காயிலாக இருந்தாலும் தூரம் இடிக்கும். 300 மீட்டர் தள்ளி இருக்கும் 0.2 ஆம்பியர் காயிலுக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போனால், போக வர 2 வோல்ட் விழும். அரை சதுர மில்லிமீட்டர் என்றால் 4 வோல்ட், வால்வு எழ மறுக்கலாம். சரிவில் இழுத்த நீள ஒயர் மின்னல் நேரத்தில் ஆன்டெனா மாதிரி. திறந்த கான்டாக்ட் டிரான்சிஸ்டரைவிடக் கொஞ்சம் பொறுக்கும் என்பது என் கணிப்பு. பக்கத்து சில்வர் ஓக்கில் இடி விழுந்தால் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

இரண்டும் கலந்த வேலை என்றால் பி.எல்.சி.யை டிரான்சிஸ்டரில் வாங்கி, ஏசி வால்வுக்கும் பெரிய காயிலுக்கும் மட்டும் 6 மில்லிமீட்டர் அகல சாக்கெட் ரிலே சேர்த்துவிடலாம். போனால் பிடுங்கிப் புதியதைச் செருகலாம். ஆர்டர் கொடுக்கும்போது மாடல் எண்ணைப் படித்துப் பாருங்கள்: டெல்டா, மிட்சுபிஷியின் பல மாடல்களில் எண்ணுக்குப் பிறகு ஆர் என்று வந்தால் ரிலே, டி என்று வந்தால் டிரான்சிஸ்டர். சொல்லாமல் விட்டால் கடையில் எது ஸ்டாக்கில் இருக்கிறதோ அதுதான் வரும்.